அக்காவுக்கு இடமில்லாத வண்டி

பிளாக்ஃபுட், ஐடஹோ
மார்ச் 9

அன்புள்ள ஆர்டிஸ் அக்காவுக்கு,

மார்வா எழுதுவது. தேய்னும் நானும் நலம். நீயும் உன் கிழட்டு நாய் மூஸும் அந்த வயோமிங் காற்றில் பறந்து போகாமல் பத்திரமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். காது மந்தமான பிறகு நீ போனில் பாதியைக் கேட்டு மீதியை நீயாகவே இட்டுக்கட்டிக்கொள்கிறாய். அதனால் கடிதமே மேல். எனக்கும் இதுதான் வசதி, அடித்துத் திருத்தி எழுதலாம்.

இங்கே கொட்டகை நிழலில் மட்டும் இன்னும் பனி கிடக்கிறது. தேய்னுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. இதயத்தில் வைத்த வலைக்குழாயைப் பார்த்த டாக்டர், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்றார். அன்று முதல் இவர் கால் தரையில் பாவவில்லை. கோடைப் பயணத்துக்கு வரைபடத்தை விரித்துப் போட்டு, சாப்பாட்டு மேசையில் எனக்குத் தட்டு வைக்கக்கூட இடம் விடுவதில்லை.

வண்டி விஷயம் எழுத வேண்டும். போன ஆகஸ்டில் நாங்கள் சமைத்துத் தூங்குகிற டிரெய்லரைக் கட்டிக்கொண்டு டீட்டன் கணவாயில் இறங்கியபோது எங்கள் பழைய பிக்கப்பின் பிரேக் சூடேறிப் புகைந்தது. தேய்னுக்குக் காது சிவந்துபோயிருந்தது. கீழே வந்து நிறுத்தியதும் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு பெரிய வண்டி வாங்கியே தீருவது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பெட்ரோலா டீசலா என்பதுதான் குளிர்காலம் முழுக்க இந்த வீட்டில் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்தால் ஆண்கள் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. யாராவது ஒருவருடைய வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றி நிற்கிறார்கள். பக்கத்துப் பண்ணை வெர்ல் டீசல் கட்சி. "பெட்ரோல் வண்டி மலை ஏறயில கத்துற கத்தல்ல பக்கத்துல பொண்டாட்டி கத்துறது காதுல விழாது தேய்ன். அந்த ஒரு நல்லதுக்கு வேணா வாங்கு" என்றார். அவர் மைத்துனர் டிலாய் பெட்ரோல் கட்சி. "டீசல் வாங்கேன், நல்லாத்தான் இழுக்கும். டிரெய்லரோட சேத்து உன் பென்ஷனையும் இழுத்துட்டுப் போயிரும்" என்றார். ஊர் இரண்டு பட்டு நிற்கிறது.

கடைசியில் டீசல்தான். இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்திக் கொடுக்கும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டியதில்லை. அதைக் கேட்டதும் தேய்ன் சொக்கிவிட்டார். கருநீலம். முன்பணம் கட்டியாகிவிட்டது, மே மாதம் வண்டி வரும்.

அக்கா, இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மெர்ல் அத்தானை அடக்கம் செய்த அன்று நீ யாரையும் கிட்டே விடாமல் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாய். அடுத்த கோடையில் எங்களோடு ஆரிகன் கடற்கரைக்கு வா, மூஸையும் கூட்டிக்கொண்டு வா என்று கூப்பிட்டது நான்தான். நான் மறக்கவில்லை. ஆனால் நேற்று விற்பனைக்கூடத்தில் அதே மாதிரி வண்டி ஒன்றின் கதவைத் தற்செயலாகத் திறந்தபோது, கதவுத் தூணில் ஒட்டியிருந்த மஞ்சள் ஒட்டுத்தாளைப் பார்த்தேன். வண்டி எவ்வளவு இழுக்கும் என்பது வேறு, எவ்வளவு சுமக்கும் என்பது வேறு. சுமப்பதன் அளவு அந்த ஒட்டுத்தாளில் இருக்கிறது. டிரெய்லரின் மூக்கு வண்டியின் வாலில் ஏறி அழுத்துகிற எடை, கொக்கி, பின்பக்கத்து மேல்கூடு, கருவிப்பெட்டி, ஆட்கள், நாய் எல்லாம் அதில் அடங்க வேண்டும். டீசல் எஞ்சின் தானே பெருங்கனம் என்பதால் அதைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் போடுகிறார்கள். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். தேய்னும் நானும் ஏறியதும் மிச்சம் ஒரு சின்னப் பிள்ளைக்குத்தான் காணும். நீயும் மூஸும் ஏறினால் அளவு தாண்டிவிடும். அளவு தாண்டிய வண்டியில் அந்த இறக்கத்தில் உன்னை உட்காரவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இருபத்தாறு வருஷம் உருளைக்கிழங்குக் கிடங்கில் லாரிகளை நிறுக்கிற எடை மேடையில் உட்கார்ந்தவளுக்கு இது முன்பணம் கட்டுவதற்கு முன்னால் தோன்றாதா என்று நீ கேட்பாய். தோன்றவில்லை அக்கா. வயசாகிறது. நீ உன் காரில் எங்கள் பின்னால் வரலாம் என்றால், உன் கண்ணுக்கு மலைப்பாதை ஆகாது.

அடுத்த வருஷம் வேறு ஏதாவது வழி பார்ப்போம். உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் தங்கை
மார்வா


பிளாக்ஃபுட்
ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ கோபித்துக்கொண்டு நாலு வரி எழுதுவாய் என்று நினைத்துத்தான் உறையைப் பிரித்தேன். நீ என்னடாவென்றால், "எடைதானே இடிக்குது, நான் இடிக்கலையே. எடையைக் குறைச்சுக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து ரொட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு எடுத்துப் படித்தேன். மறுபடியும் உள்ளே வைத்தேன்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாய் என்கிறாய். வெண்ணெய் இல்லை, இனிப்பு இல்லை. அத்தானின் இரும்புச் சட்டியைக் கொண்டுவரப் போவதில்லை. அந்தச் சட்டியில் பீச் பழம் வேகவைக்காமல் நீங்கள் இருவரும் எந்த ஊரிலாவது கூடாரம் அடித்தது உண்டா? துணிமணிக்கு ஒரே ஒரு சின்னப் பை. போதாததற்கு, மூஸைப் பண்ணைக்காரர் யாரோ ஆடு காக்கக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாக வேறு எழுதியிருக்கிறாய்.

யோசிக்காதே அக்கா. அது கிழட்டு நாய், ஆட்டை அது காக்காது, ஆடுதான் அதைக் காக்க வேண்டும். உனக்கும் இந்த வயசில் பட்டினி எதற்கு? அந்த ஒட்டுத்தாளில் இருப்பது கம்பெனிக்காரன் போட்ட எண். நீ எவ்வளவு இளைத்தாலும் அது போதாது, நான் நன்றாகக் கூட்டிப் பார்த்துவிட்டேன். செப்டம்பரில் நாங்கள் திரும்பி வந்ததும் உன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்குகிறோம். அது நல்ல யோசனையாக இல்லையா?

இன்னொன்று சொல்லக் கூடாது, ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. உன் கடிதத்தைத் தேய்ன் படித்துவிட்டார். ரொட்டி எடுக்கப் போனவர் கையில் அது கிடைத்துவிட்டது. படித்துவிட்டு வெகுநேரம் கொல்லையில் நின்றார். உள்ளே வந்து, "உங்கக்கா நமக்காகப் பட்டினி கெடக்கறாங்க, நான் என்னத்துக்கு இத்தனை கருவியைத் தூக்கிட்டு அலையணும்?" என்று கேட்டார். மறுநாள் கருவிப்பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்துப் பாதியைத் தனியே வைத்தார். மின்சாரம் எடுக்கிற ஜெனரேட்டரை வெர்லிடம் கொடுத்துவிட்டார். பின்பக்கத்து மேல்கூடும் வேண்டாமாம், தார்ப்பாய் போதுமாம். குளியலறைத் தராசைச் சமையலறைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நாம மூணு பேரும் கொஞ்சம் கொஞ்சமா எளச்சா எடம் வந்துரும் மார்வா. நீயே கணக்குப் பாத்துச் சொல்லு, உன் கணக்குத் தப்பாது" என்கிறார்.

தப்பாது என்று அவர் சொன்னபோது நான் பாத்திரம் தேய்ப்பது போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை வழக்கம்போல உருளைக்கிழங்கு பிசைந்து போட்டு டோனட் சுட்டேன். அவர் தொடவில்லை. "ஆர்டிஸ் சாப்பிடாதப்போ எனக்கு எறங்காது" என்றார். அத்தனையையும் நானே தின்றேன் அக்கா. ஒன்று விடாமல். இந்த வீட்டில் எடை கூடிக்கொண்டு போகிறவள் நான் ஒருத்திதான்.

நீ வயிற்றைக் காயப்போடாதே. மூஸை யாருக்கும் கொடுக்காதே. இதை மட்டும் கேள்.

என்றும் உன்
மார்வா


பிளாக்ஃபுட்
மே 20

என் அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய கடிதமும் படமும் போன வாரம் கிடைத்தன. இடுப்பு வாருக்குப் புது ஓட்டை போட்டிருப்பதைச் சிரித்துக்கொண்டே பிடித்துக் காட்டுகிறாய். பின்னால் வாசற்படியில் மூஸ் படுக்கும் இடம் காலியாக இருக்கிறது. பண்ணைக்காரர் வந்தபோது அது வண்டியில் ஏற மாட்டேன் என்று படுத்துக்கொண்டதாகவும், நீயே பின்னங்காலைத் தூக்கி ஏற்றிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். "அவன் எடை முழுசும் கழிஞ்சுது, இப்பக் கூட்டிப் பாரு மார்வா" என்று அதற்குக் கீழேயே எழுதியிருக்கிறாய்.

படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இனிமேல் அடித்துத் திருத்தி எழுதப்போவதில்லை. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

மஞ்சள் ஒட்டுத்தாளை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை. பிப்ரவரியில் முதல் முறை விற்பனைக்கூடத்துக்குப் போனபோதே பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டி நின்றன, ஒரே உடம்பு, ஒன்று பெட்ரோல், ஒன்று டீசல். தேய்னும் விற்பனைக்காரரும் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு இழுக்கும் என்ற பெரிய எண்ணைப் பார்த்து இங்கே ஆண்கள் எல்லோரும் மயங்குவது போலத்தான் இவரும் மயங்கினார். நான் கதவைத் திறந்து இரண்டு ஒட்டுத்தாளையும் படித்தேன். எனக்குக் காகிதமும் பேனாவும் வேண்டியதில்லை என்பது உனக்குத் தெரியும். பெட்ரோல் வண்டியில் நீ, மூஸ், இரும்புச் சட்டி எல்லாம் ஏறியும் இடம் மிச்சம் இருந்தது. டீசலில் நீ ஏற முடியாது. நின்ற இடத்திலேயே இது தெரிந்துவிட்டது.

தேய்ன் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். அந்த இறக்கத்தை நினைத்தால் டீசல்தான் நல்லது என்றேன். அதில் பொய் இல்லை, டீசல் இறக்கத்துக்கு நல்லதுதான். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. முன்பணம் கட்டும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு, ஐயோ பார்த்தீர்களா என்று ஒட்டுத்தாளில் இருந்த எண்ணைக் குறித்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். முன்பணத்தைப் பெட்ரோல் வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் யாருக்கும் சொல்லவில்லை.

ஏன் என்று கேட்பாய். சொன்னால் சிரிப்பாய், சிரித்தால் நல்லது. உனக்குப் பின்சீட்டு ஆகாது, பத்து மைல் போவதற்குள் குமட்டும். அப்பாவின் வண்டியிலிருந்தே முன்சீட்டு உனக்கு, பின்னால் நான். உன்னைக் கூப்பிட்ட அன்று இது நினைவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நினைவு வந்தது. கடற்கரை வரைக்கும் நீ தேய்னின் பக்கத்தில் உட்காருவாய். அவர் சொல்லும் அரதப்பழசான ஜோக்குகளுக்கு நீ ஒருத்திதான் உண்மையிலேயே சிரிப்பாய். நான் பின்னால் நாயோடு உட்கார்ந்து இரண்டு தலைகளைப் பார்த்துக்கொண்டு வருவேன். அவர் இதயத்தில் அந்தக் குழாயை வைத்த நாளிலிருந்து, இன்னும் எத்தனை கோடை கிடைக்கும் என்ற எண்ணம் எனக்கு. அவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிற ஒரு கோடையை யாருக்கும் பங்கு வைக்க மனசு வரவில்லை. அத்தானோடு இன்னொரு கோடைகூடக் கிடைக்காமல் போன உன்னிடம்தான் இந்தக் கஞ்சத்தனத்தைக் காட்டியிருக்கிறேன். எழுதும்போதே கூசுகிறது.

வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் நீ இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய், அதோடு போயிருக்கும். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. இருபத்தாறு வருஷம் ஒரு பவுண்டு கூடவோ குறையவோ சொல்லாத வாயை வைத்துக்கொண்டு, சரியான எடையைச் சொல்லியே உன்னை ஏமாற்றினேன். நீ அதை நம்பினாய். மார்வா எடை சொன்னால் சரியாக இருக்கும் என்று சோற்றைக் குறைத்து, நாயைக் கொடுத்துவிட்டாய்.

வியாழக்கிழமை வண்டி வந்துவிட்டது என்று ஆள் அனுப்பினார்கள். போனோம். கருநீலம் வெயிலில் பளபளத்தது. தேய்ன் அதன் முன்மூடியைத் தடவிக் கொடுத்தார், ஏறி உட்கார்ந்தார், என்னையும் ஏறச் சொன்னார். "மூஸ் எடை போக, இப்ப ஆர்டிஸுக்கு எடம் காணுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் பெல்ட்டை இழுத்துக் காட்டினார். அவருக்கும் தளர்ந்திருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்த முன்சீட்டில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் சொன்னேன்.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் கூமுட்டையாட்டம் இதைத் தட்டிக் கொடுத்துக்கிட்டு நின்னேன். நீ பக்கத்துல அந்த எண்ணை மனசுல வச்சுக்கிட்டு நின்ன" என்றார். ஆமாம் என்றேன். "மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லிருக்கலாமே மார்வா. நான் அவங்ககிட்டப் பக்குவமாச் சொல்லிருப்பேனே. இல்லேன்னா ரெண்டு நாளு நான் ஓட்டிட்டு, ரெண்டு நாளு நான் பின்னால உக்காந்து உன்னை ஓட்டச் சொல்லிருக்கலாம். உனக்குத்தான் என்னைவிட நல்லா ஓட்டத் தெரியுமே" என்றார்.

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பது வருஷமாக ஓட்டுகிறேன், கிடங்கு லாரியையே பின்னால் எடுத்திருக்கிறேன். நான் ஓட்டினால் முன்னால்தான் உட்காருவேன் என்று என் புத்திக்கு எட்டவில்லை. யார் பக்கத்தில் யார் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

தேய்ன் இறங்கி உள்ளே போனார். விற்பனைக்காரர், "என்ன சார், இந்த வண்டிக்காகத்தானே ரெண்டு மாசமா தினமும் போன் பண்ணீங்க?" என்று முனகியது வெளியே கேட்டது. கருநீலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெள்ளைப் பெட்ரோல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தோம். வரும்போது ஏற்றத்தில் அது கத்தத்தான் செய்தது. நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாததால் நன்றாகவே கேட்டது. இறக்கத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "மெதுவாப் போவோம். கீழ் கியர்ல போட்டு நிறுத்தி நிறுத்திப் போவோம். என்ன அவசரம்?" என்றார். அவ்வளவுதான் பேசினார். இன்றுவரை என்னோடு உப்பு எங்கே, தபால் வந்ததா என்ற அளவுக்குத்தான் பேச்சு. அது எனக்கு வேண்டியதுதான்.

நேற்று டிரெய்லரையும் கட்டி, நான் வேலை பார்த்த எடை மேடைக்கே ஓட்டிக்கொண்டு போனேன். இப்போது அங்கே வேறு ஒரு பெண் உட்காருகிறாள். உனக்கும் மூஸுக்கும் ஈடாகப் பின்சீட்டில் கிழங்கு மூட்டைகளை அடுக்கியிருந்தேன். உன் எடையை நீ இளைப்பதற்கு முன்னால் இருந்த எடையாகவே வைத்தேன். இரும்புச் சட்டிக்கும் தனியாக ஒரு மூட்டை. மேடை ஏறி இறங்கி, அவள் எண்ணைச் சொன்னபோது இடம் இன்னும் இருந்தது. பொய் சொன்ன வாய் சொல்வதை நீ நம்ப வேண்டியதில்லை, அதனால் அவள் கொடுத்த எடைச் சீட்டையே இதோடு வைத்திருக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வாய் இல்லை. நீ வர மாட்டேன் என்றாலும் உன் மேல் ஒரு சொல் சொல்ல மாட்டேன். ஆனால் ஜூன் முதல் வாரம் நாங்கள் டிரெய்லரோடு உன் வாசலுக்கு வருகிறோம். கடற்கரை இருப்பது மேற்கே, நீ இருப்பது கிழக்கே என்று நீ சொல்வாய். தெரியும். கிழக்கேதான் முதலில் வருகிறோம், நான்தான் ஓட்டி வருகிறேன். நீ கதவைத் திறக்கவில்லையென்றால் வாசலில் டிரெய்லரைப் போட்டுக்கொண்டு நீ திறக்கும்வரை இருப்போம்.

அதற்குள் ஒன்றே ஒன்று செய். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பக்கத்து வீட்டுக்காரரை வண்டி எடுக்கச் சொல்லி, அந்தப் பண்ணைக்குப் போய் மூஸைக் கூட்டி வந்துவிடு. தப்பு என் தங்கையுடையது என்று அவரிடம் சொல், உன் வாயால் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். வீட்டுக்கு வந்ததும் அதற்குச் சோறு வை, நீயும் உட்கார்ந்து சாப்பிடு. வெண்ணெய் போட்டுச் சாப்பிடு. இரவிலும் சாப்பிடு. நாங்கள் வருவதற்குள் அந்த இடுப்பு வாரின் புது ஓட்டை உனக்குப் பற்றாமல் போக வேண்டும்.

ஒரு பவுண்டுகூடக் குறையாமல் வா அக்கா.

உனக்கு முகம் காட்ட வெட்கப்படும்
உன் தங்கை
மார்வா